இருபது இருக்க வேண்டும்

இருபது பித்தளைத் தோட்டாக் கூடுகள் பலகைக் குழிகளில் வாய் கவிழ்ந்து நிற்கின்றன, ஐந்து ஐந்தாய் நான்கு வரிசை, ஜன்னலுக்கு வெளியே ஆடிச் சாரல் தேயிலைக்கு மேல் சாய்ந்து சாய்ந்து போகிறது, நான் முதல் கூட்டை எடுத்து நிமிர்த்தி, தராசில் நிறுத்து வைத்த வெடிமருந்தைச் சின்னப் புனல் வழியாக உள்ளே இறக்கி, நிமிர்ந்தபடியே குழியில் திருப்பி வைக்கிறேன், இதுதான் என் முறை, கவிழ்ந்து நிற்பது காலி, நிமிர்ந்து நிற்பது நிறைந்தது, காலிக் கூடு ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கக் கூடாது, இரண்டாவது, மூன்றாவது, பதினெட்டு, பத்தொன்பது, இருபதாவதுக்குக் கை நீளும்போது அது ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கிறது, நான் நிமிர்த்தினேனா, வேறு யாராவதா, குனிந்து பார்க்கிறேன், உள்ளே இருட்டு, மருந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லாத இருட்டு, டார்ச்சைத் தேடுகிறேன், மேசையில் இல்லை, மடியில் இல்லை, அதற்குள் எதிரே உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் குண்டை வைத்து அழுத்தி அந்தக் கூட்டின் வாயை மூடிவிடுகிறார், பொறுங்க, பொறுங்க என்கிறேன், குரல் வருவதில்லை, எப்போதும் இந்த இடத்தில்தான் விழிப்பு வரும். முப்பத்தொரு வருஷமாக இந்தக் கனவு, கண்டு கண்டு, இப்போது இது கனவா அன்று நடந்ததா என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை, சில நாள் கனவில் அந்தக் கூட்டை நிமிர்த்துகிற விரல் தெரியும், மோதிரம் போட்ட விரல், என் மோதிரம்.

இன்று காலையும் அப்படித்தான் விழித்தேன், விழித்தால் மலை இல்லை, எஸ்டேட் இல்லை, அடிவாரத்தில் கோட்டூர் வீடு, மின்விசிறிச் சத்தம், அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார், வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம், அந்த இரண்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது கையால் முடிச்சை நோண்டுகிறார், நான் உதவிக்குப் போகவில்லை, அந்தச் சாவியை நான் தொடுவது அவருக்குப் பிடிக்காது, குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். இந்தா புள்ள என்று நீட்டினார், ட்ரங்குப் பொட்டியில ரேசன் கார்டு, பென்சன் புக்கு எல்லாங் கெடக்குது, எடுத்து வெச்சுக்க, நாளைக்கு ஆஸ்பத்திரியில கேப்பாங்க. இடது கண் அன்றே போய்விட்டது, இருக்கிற ஒரே கண்ணில் புரை மூடி ஒரு வருஷமாகிறது, என்னைப் புடவை நிறமாகத்தான் தெரியும் அவருக்கு, நாளைக்குப் பொள்ளாச்சியில் ஆபரேஷன், பயம், வெளியே சொல்ல மாட்டார். நீங்களே தொறந்து குடுங்களே என்றேன், எனக்கென்ன தெரியுது, நீயே தொற என்றார். சாவி சூடாக இருந்தது, அவர் வயிற்றுச் சூடு, இதை ஏன் இன்றைக்குக் கொடுக்கிறார் என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது, எங்கள் வீட்டில் சந்தேகம் உப்பு மாதிரி, எதிலும் ஒரு சிட்டிகை இருக்கும்.

அவர் பெயரை நான் சொல்வதில்லை, எஸ்டேட்டில் ஃபிட்டர் ராக்கியப்பன் என்றால் தெரியாதவர் கிடையாது, தேயிலை ஃபாக்டரியில் எந்த மெஷின் நின்றாலும் அவர் வந்து காது வைத்துக் கேட்டால் போதும், நோய் எங்கே என்று சொல்லிவிடுவார், நான் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர், அந்தக் காலத்தில் பொம்பளைக் கம்பவுண்டர் என்று லயத்து வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினேன். வெள்ளைக்காரப் பெரியதுரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகும்போது ஜீப் கவிழ்ந்து கட்டை முறிந்த தன் ரைஃபிளை இவருக்குக் கொடுத்தார், கூடவே கூட்டில் குண்டை வைத்து அழுத்துகிற கைப்பிடி மெஷின், அச்சுகள் வைத்த சிவப்புத் தகரப்பெட்டி, சீல் உடைக்காத மருந்து டப்பாக்கள், லைசென்ஸையும் முறையாகப் பெயர் மாற்றி வாங்கினார், பிறகு இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்தத் துப்பாக்கி தின்றது. விழுந்த ஈட்டி மரத்தில் கட்டை அறுத்து, தன் தோளுக்கும் தன் கன்னத்துக்கும் அளவெடுத்துச் செதுக்கினார், அவருக்கு இடது கைப் பழக்கம், சாப்பிட மட்டும்தான் வலது, அம்மா அடித்துப் பழக்கியது, அதனால் அந்தக் கட்டை இடது கன்னத்துக்கு மட்டும் பொருந்தும், வேறு யார் எடுத்து வைத்தாலும் முகத்தில் இடிக்கும், அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. குழலின் அடிவாயையும் கடைசல் மெஷினில் தன் இஷ்டத்துக்கு மாற்றினார், அதனால் கடைத் தோட்டா எதுவும் அதில் சேராது, சுட்ட கூட்டையே திரும்பத் திரும்ப எடுத்து, நெளிவு நீக்கி, அடியில் தட்டினால் பொறி விடுகிற புதுக் கேப்பு வைத்து, மருந்து போட்டு, குண்டை அழுத்தி நாங்களே செய்துகொள்ள வேண்டும்.

நாங்களே என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் எல்லாம் இருக்கிறது, கூடுகளைப் புளித் தண்ணீரில் போட்டு விளக்குத் தேய்ப்பது போலத் தேய்ப்பது நான், ஆடியில் வெயில் ஏது, அடுப்புத் திட்டில் வரிசையாக உலர்த்துவது நான், மருந்தை நிறுப்பது நான், ஓய்வு பெற்றுப் போன பெரிய டாக்டர் எனக்குக் கொடுத்த பித்தளைத் தராசு, கண்ணாடிக்குள் நிற்கிற முள், டிஸ்பென்சரியில் கிரெயின் கணக்கில் நிறுத்த கைதானே, அதே கிரெயின் கணக்குத்தான் இதற்கும், குறைந்தால் குண்டு போய்ச் சேராது, கூடினால் குழலே கிழிந்துவிடும், ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாக நிறுத்துப் போட்டு, இருபதும் நிமிர்ந்த பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்து ஒரே மட்டமா என்று பார்த்து, உரக்க எண்ணி, அப்புறம்தான் அவர் கைக்குத் தள்ளுவேன். குண்டு வைத்து அழுத்துவது அவர், அந்தக் கைப்பிடியை நான் தொடக் கூடாது. முடிந்ததும் அட்டைப் பெட்டியில் அடுக்கி மறுபடி ஒரு தடவை எண்ணுவேன், இருபது இருக்க வேண்டும், பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் திறந்து எண்ணுவேன், மாத்திரை எண்ணி எண்ணி வந்த வியாதி அது, அவர் சிரிப்பார், குட்டி போட்டிருக்குதான்னு பாக்கறயா புள்ள என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது, பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேர் ஒரு மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு ஒரு வேலை செய்தோம்.

அந்த ஆனியில் அவர் ஒரு கடமானை அடித்துக்கொண்டு வந்தார், பெட்டை, கொல்லைப்புறத்தில் போட்டு அறுக்கும்போது மடியிலிருந்து பால் இறங்கி ரத்தத்தோடு கலந்து ஓடியது, எங்கோ ஒரு குட்டி நிற்கிறது என்று அர்த்தம், நான் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு இரண்டு தடவை கலைந்திருக்கிறது, இரண்டு தடவையும் நெஞ்சு கட்டிப் பால் ஊறியது, அதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னது வேறு. பாலு குடுக்கறதப் போயி அடிச்சுப்போட்டு வந்திருக்கறீங்களே, உங்க துப்பாக்கியில ஒரு வெடியாச்சும் சும்மாப் போகோணும், அப்பத்தான் உங்களுக்கு உறைக்கும். சொன்னேன், ஆமாம், இந்த வாயால்தான் சொன்னேன், என் அண்ணன் நாச்சிமுத்து ஃபாரஸ்ட் கார்டு, அவன் காவல் பார்க்கிற பீட்டுக்குள்தான் அந்தப் பெட்டையை அடித்தது, அவனுக்குத் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து, அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, உங்கண்ணங்கிட்டச் சொல்லோணும்னா போய்ச் சொல்லு என்றார், அவ்வளவுதான், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போலத் தராசை வைத்தேன், கோபம் வேறு தராசு வேறு, நான் அப்படி வளர்ந்தவள். ஆனால் ஆடி பிறந்த பிறகு அவர் சுட்ட இரண்டு வெடியும் பன்றியைத் தொடாமல் பக்கத்தில் போயின, ஃபிட்டர் ராக்கியப்பன் குறி தப்புவதா, வீட்டுக்கு வந்து குழலைத் துடைத்தார், குழல் மேல் குறி பார்க்கிற காயைத் திருகினார், என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். அளவு சரியாத்தானே போடறே என்றார், ஏனுங்க, எப்பவும் போடற அளவுதானுங்க, சந்தேகமா இருந்தா நீங்களே நிறுத்துப் பாத்துக்குங்க என்றேன், சே சே, அதுக்குச் சொல்லலே என்றார், அந்தச் சே சே காதில் விழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் என்னை நம்பவில்லை, நான் அண்ணன் பக்கம் சாய்ந்து மருந்தைக் குறைக்கிறேன் என்று நினைக்கிறார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது லயத்து ஆட்கள் ஓடிவந்தார்கள், மூன்று நாள் முன்னால் கொழுந்து எடுக்கப் போன பெண்ணின் தொடையைக் கிழித்த அதே பன்றி மரவள்ளித் தோட்டத்தில் நிற்கிறது என்று, அந்தத் தொடைக்குக் கட்டுப் போட்டவள் நான், அதனால் நானும் போகாதீங்க என்று சொல்லவில்லை, பெட்டியை எடுத்துப் பார்த்தேன், எண்ணினேன், இருபது, கொடுத்தேன், என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அண்ணனும் கூடப் போனான், ஆளைக் குத்திய பன்றி, அவனே அனுமதித்து அடிக்கச் சொன்னது. பிறகு நடந்ததை அண்ணன் பின்னால் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான், எனக்கு நானே அங்கே நின்று பார்த்தது போல இருக்கிறது, மாப்ளெ குதிரைய இழுத்தாருங்க, கொட்டாங்குச்சி ஒடையற மாதிரி டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், புகையில்லே, ஒதையில்லே, பன்னி திரும்பிச்சு, நேரா எங்களப் பாத்து வருது, மாப்ளெ காலிக் கூட்டத் தள்ளிப்போட்டு அடுத்தத வெச்சு அடிச்சாரு. மருந்தில்லாத முதல் குண்டு கேப்பு வேகத்தில் கொஞ்ச தூரம் மட்டும் போய்க் குழலுக்குள்ளேயே மாட்டி நின்றிருக்கிறது, இரண்டாவது குண்டுக்கு வழியில்லை, குழல் கிழிந்தது, தாங்கிப் பிடித்திருந்த வலது கையில் மூன்று விரல் அங்கேயே போயிற்று, கன்னத்தோடு ஒட்டியிருந்த இடது கண்ணில் இரும்புச் சில்லு, பன்றி சத்தத்துக்கு மிரண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்பென்சரி மேசையில் அவரைக் கிடத்தியபோது நான்தான் விரல்களைக் கட்டினேன், விரல்கள் என்று எதைச் சொல்வது, அவர் மயக்கத்துக்குப் போகுமுன் என்னைப் பார்த்தார், வலியால் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறவள், அது வலியல்ல.

கோயமுத்தூரிலிருந்து போலீஸ் ஆயுத மேஸ்திரி வந்து பிரித்துப் பார்த்தார், இரண்டு விஷயம் சொன்னார், ஒன்று, முதல் தோட்டாவில் மருந்தே இல்லை, இன்னொன்று, மழையில் ஈட்டிக் கட்டை நீர் குடித்து ஊதிக் குழலை ஒரு பக்கமாக நெருக்கியிருக்கிறது, இது எப்படி நேராகச் சுடும், யார் செய்த கட்டை இது, செய்தவனுக்குத் துப்பாக்கி தெரியுமே தவிர மழை தெரியாது என்றார். ஆக, ஆடியில் குறி தப்பியதற்குக் காரணம் அவர் கை வேலை, என் தராசு அல்ல, இது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது, விழுந்திருந்தாலும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். இன்ஸ்பெக்டர் கேட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, கைத்தவறுதலுங்க, என்ற சம்சாரந்தான் மருந்து போட்டா, அவ மேல எனக்கு ஒரு சந்தேகமுமில்லீங்க என்றார், கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணீர் வந்தது, இன்ஸ்பெக்டர் போனார், மதியம் கஞ்சி கொண்டுபோய் ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன், உதட்டை இறுக்கிக்கொண்டார். நீ மொதல்ல ஒரு வாய் குடி என்றார். நான் குடித்தேன். என் தொண்டையில் அது இறங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் வாயைத் திறந்தார். அதைவிடக் கொடுமை வராந்தாவில் நடந்தது, என் கூடப் பிறந்தவன் தூணோரமாகக் கூட்டிக்கொண்டு போய், அம்மிணி, எங்கிட்டச் சொல்லு, நீ எதாச்சும் மனசு வெச்சுப் பண்ணீட்டயா, சொல்லு, நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லமாட்டேன் என்றான், அவன் அன்பாகத்தான் கேட்டான், அதனால்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, அவன் செத்து எட்டு வருஷமாகிறது.

இடது கையால் சோறு தின்ன மாட்டார், அம்மா அடித்த அடி அப்படி, வலது கையில் அள்ள விரல் இல்லை, அதனால் அன்றிலிருந்து நான்தான் பிசைந்து உருட்டிக் கொடுக்கிறேன், முதல் உருண்டை எனக்கு, அதை மென்று விழுங்கியதும் இரண்டாவது அவருக்கு, காபியிலும் முதல் மிடறு நான், மாத்திரைகூட என் கையால் வாங்க மாட்டார், தானே அட்டையிலிருந்து பிதுக்கிக்கொள்வார். மலையிலிருந்து இறங்கிக் கோட்டூருக்கு வந்த பிறகு எதிர்வீட்டு ரத்தினாம்பாள் டீச்சர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு உருகிப்போனாள், ஒரே தட்டுல, நீங்க ஒரு வாய் அவரு ஒரு வாய்னு, இந்த வயசுலயும் என்ன ஒத்துமைங்க, எங்க வீட்டுக்காரரு நான் சாப்டனான்னுகூடக் கேக்கமாட்டாரு என்றாள், நான் சிரித்தேன், வேறென்ன செய்வது, ஊரார் கண்ணுக்கு எங்கள் வீட்டு விஷப் பரிசோதனை அன்னியோன்யமாகத் தெரிந்தது. இத்தனை வருஷமும் நான் யாரையெல்லாம் சந்தேகப்படவில்லை, துரை கொடுத்த மருந்து டப்பாவை, அடுப்புத் திட்டில் ஏறிய பூனையை, அண்ணனைக்கூட, பெட்டையை அடித்த கோபத்தில் அவன் வந்து ஏதாவது செய்தானா என்று, ஆனால் எல்லோரையும் சுற்றிவிட்டுச் சந்தேகம் கடைசியில் என்னிடம்தான் வந்து உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்தது நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையா, முந்தின ஞாயிற்றுக்கிழமையா, சும்மாப் போகோணும் என்று சொன்ன வாய் என்னுடையது, சொன்ன வாய்க்குக் கை கட்டுப்பட்டுவிட்டதா, மறந்தேனா, மறக்க நினைத்தேனா, ஒரு மனுஷிக்குத் தன் கை செய்தது தனக்கே தெரியாமல் இருக்குமா, நீ செய்யவில்லை என்று சத்தியம் செய் என்றால் எந்தச் சாமிக்கு முன்னாலும் நான் செய்திருக்க மாட்டேன், என்னைக் கொலைகாரி என்று நானே பாதி ஒப்புக்கொண்டுதான் முதல் உருண்டையைத் தினமும் விழுங்கினேன்.

ட்ரங்குப் பெட்டியைத் திறக்கிறேன், அந்துருண்டை வாசனை, ரேஷன் கார்டு மேலேயே இருக்கிறது, பென்ஷன் புத்தகமும் மேலேயே இருக்கிறது, யாரோ எடுத்து வைத்தது போல, அவற்றுக்கு அடியில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று, எடுக்க வேண்டிய அவசியம் இல்லை, எடுத்தேன், சிவப்புத் தகரப்பெட்டி, துரை கொடுத்த அச்சுப்பெட்டி, போலீஸ் எல்லாவற்றையும் எடுத்துப்போனது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூடியைத் திறந்தால் அச்சுகள் எண்ணெய் காய்ந்து பிசுக்காக இருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் ஒரு பொட்டலம், தினசரிக் காலண்டர் தாளில் மடித்தது, என் மடிப்பு அல்ல, டிஸ்பென்சரியில் ஆயிரக்கணக்கான பொட்டலம் மடித்தவள், என் மடிப்பில் ஓரம் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், இது புகையிலை மடிக்கிற மடிப்பு, அவர் மடிப்பு. பிரித்தேன், கருஞ்சாம்பல் நிறத்தில் மருந்து, முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகும் அந்த வாசனை, தாளைத் திருப்பினேன், ஆடி மாதம், திங்கட்கிழமை, அந்தத் திங்கட்கிழமை. தராசை எடுத்துவந்து வைத்தேன், முள் நிற்கட்டும் என்று காத்திருந்தேன், ஒரு பக்கம் மருந்து, இன்னொரு பக்கம் என் அளவுக் கற்கள், அந்த அளவை நான் மறக்கவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன், முள் இப்படிச் சாய்ந்து அப்படிச் சாய்ந்து நடுவில் வந்து நின்றது, ஒரு தோட்டாவின் மருந்து, என் கை நிறுத்தது, என் கை போட்டது. போட்டிருக்கிறேன். இருபதிலும் போட்டிருக்கிறேன். நான் அழவில்லை, தராசின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.

மதியம் தட்டை வைத்தேன், கொள்ளுப் பருப்பு, சோறு, நெய், பிசைந்தேன், தட்டுக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்து அவர் இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தேன். விரல்கள் தடவின, மடிப்பைத் தடவின, அப்படியே நின்றன, இத்தனை வேகமாக ஒரு குருட்டுக் கை எதையும் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை. அவர் சொன்னார், அன்னிக்கு நீ டிஸ்பென்சரிக்குப் போன பொறவு ஒண்ணப் பிரிச்சுப் பாத்தேன் புள்ள, குண்டைப் புடுங்கி, மருந்தக் காலண்டர் தாள்ல கொட்டி, உன்ற தராசுல நிறுத்தேன், சரியாத்தான் இருந்துச்சு, சரியா இருந்ததப் பாத்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு, அதுக்குள்ள உன்ற செருப்புச் சத்தம் கேட்டுச்சு, நீ வந்தா எண்ணுவியே, இருபது இருக்கோணுமே, பத்தொம்பது இருந்தா என்னன்னு கேப்பியே, புனல் தேட நேரமில்லே, மருந்தத் தாளோட மடிச்சு அச்சுப்பொட்டியில சொருகீட்டு வெறுங்கூட்டுல குண்ட அழுத்திப் பொட்டியில வெச்சுப்போட்டேன், சாயங்காலம் பொழுதோட எடுத்து மருந்து போட்டுக்கலாம்னு இருந்தேன், அன்னிக்கு ஃபாக்டரியில ரோலர் நின்னுபோச்சு, வந்து படுத்தவன் மறந்தே போனேன், வெடிஞ்சா பன்னி. நான் எண்ணியிருக்கிறேன், அவர் மறைத்த வெற்றுத் தோட்டாவையும் சேர்த்து இருபது என்று எண்ணி என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு என்றேன். அப்ப நெசமாத்தான் நீதான்னு நெனச்சேன், அடிபட்டதுல அந்தத் திங்கக்கெழமையே எனக்கு நெனப்புல இல்லே, மூணாம் வருசம் பரணை ஒழிக்கறப்போ போலீசு உட்டுட்டுப் போன அச்சுப்பொட்டியில இது கெடந்துச்சு, பாத்ததும் எல்லாம் வந்துபோச்சு, தூக்கிப்போடவும் மனசு வரலே, சொல்லவும் வாயி வரலே. மூணாம் வருசம் என்றேன், அப்ப இருவத்தெட்டு வருசமா எதுக்குங்க என்னைய மொதல்ல திங்க வெச்சீங்க. அவர் புரை மூடிய கண்ணை நான் இருக்கிற பக்கமாகத் திருப்பினார், நிறுத்தியிருந்தா ஏன்னு கேட்டிருப்பியே புள்ள என்றார், சின்னக் குரலில், திருடிய குழந்தை சொல்வது போல. ஆபரேஷனில் கண் போனாலும் போகலாம், உயிர் போனாலும் போகலாம் என்ற பயத்தில்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார், தன் வாயால் சொல்ல வேண்டியதை என்னைக்கொண்டு தேடி எடுக்க வைத்திருக்கிறார், இதிலும் சாமர்த்தியம், எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த உருண்டை நசுங்கிப் பருப்பு விரலிடுக்கில் வழிந்தது. இன்னிக்கு நீ மொதல்ல திங்க வேண்டாம் புள்ள, எனக்குக் குடு என்று வாயைத் திறந்தார்.

உருட்டினேன், முதல் உருண்டையை நான் தின்றேன், அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார், இரண்டாவது உருண்டையை உருட்டி அதையும் நானே தின்றேன், நிதானமாக மென்றேன், அவருக்குக் கேட்கட்டும் என்று மென்றேன், மூன்றாவது, நான்காவது, எண்ணிக்கொண்டே தின்றேன், எண்ணாமல் எனக்கு எதுவும் வராது, தட்டு துடைத்தது போல ஆனது, அவர் கேட்கவில்லை, வாயை மூடவும் இல்லை, தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, நம்பி, காத்திருந்தார். நான் குனிந்து பார்த்தேன், வாய் நிமிர்ந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது அந்த இருபதாவது கூடு, இத்தனை வருஷம் கனவில் நான் தேடியது, இப்போது டார்ச் தேவைப்படவில்லை, நிமிர்த்திய விரல் யாருடையது என்றும் தெரியும். சட்டியில் இன்னும் சோறு இருக்கிறது, போடுவேன், பட்டினி போட மாட்டேன், நாளைக்கு ஆபரேஷனுக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் போவேன், ஆனால் கொஞ்ச நேரம் ஆகட்டும், எனக்கு இப்போதுதான் பசிக்க ஆரம்பித்திருக்கிறது.